இன்னும் ரெண்டு முழம்

காமாட்சி துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
2-7-72

மாமாவுக்கு ரேணுகாம்பாள் எழுதிக்கினது. இங்க நானும் உங்க பொண்ணு அம்சவேணியும் நல்லா இருக்கிறோம். நீங்க சுகமான்னு கேட்கிறது முறை, கேட்டுட்டேன். ஜெயில்ல இருக்கிற மனுஷன் அதுக்கு என்னா பதில் எழுதுவாருன்னு தெரியல.

நீங்க போன மூணு வாரத்துல தெருவே வந்து விசாரிச்சுட்டுப் போயிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. பங்குனி மாசம் காலையில தறிக்கு ஏத்தற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டியிருந்தோம், பொண்ணு கல்யாணக் கூரைச் சேலைக்குன்னு சொந்தமா பட்டு வாங்கிப் போட்ட பாவு, கோர்ட்டு அமீனா ஒருத்தர் யாருக்கோ சம்மன் எடுத்துக்கினு சைக்கிள்ல வந்து அதுக்குள்ள பூந்துட்டாரு, இருநூறு இழை அறுந்துபோச்சு. எங்க வீட்டுக்காரர் அவரை இடுப்போட சேர்த்துக் கம்பத்துல கட்டி, கையை மட்டும் விட்டுவெச்சு, அறுந்ததையெல்லாம் நீயே பிணைச்சுட்டுப் போன்னு ஒன்றரை மணி நேரம் நிறுத்திட்டாருன்னு சொல்றேன். இதுவரைக்கும் எல்லாரும் உச்சுக்கொட்டறாங்க. அப்புறம், மன்னிப்புக் கேட்கிறியான்னு மாஜிஸ்ட்ரேட் கேட்டதுக்கு "அவன் முதல்ல பாவுகிட்ட கேட்கட்டும்"னு நீங்க சொன்னதைச் சொன்னா, "அப்ப எட்டு மாசம் சரிதான்"னு எழுந்து போயிடறாங்க.

விஷயத்துக்கு வர்றேன். ஆரணிச் சம்பந்தி வந்து நாள் குறிச்சுட்டுப் போனாங்க. மாப்பிள்ளை முருகேசனுக்கு பிலாய் இரும்பு ஆலையில தை மாசம் ஒரே ஒரு வாரம் லீவு. தை 12, வியாழக்கிழமை, ஜனவரி 25. நீங்க ஜெயிலுக்குப் போனதை அவங்க பெரிசா எடுத்துக்கல. "பாவுக்காகத்தானே போனாரு, திருடிட்டா போனாரு"ன்னு மாப்பிள்ளையோட அம்மா தில்லையம்மா சொன்னாங்க. ஆனா பெத்த அப்பன் உசிரோட இருக்கச்ச வேற ஆள் கையால தாரை வார்த்தா நாங்க பொண்ணை ஏத்துக்க மாட்டோம்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நீங்க இல்லன்னா கல்யாணம் இல்ல.

உங்க தண்டனை முடியறது பிப்ரவரி 11. பதினெட்டு நாள் முன்னாடி வந்தாகணும். தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு, ஜெயில்ல ஒழுங்கா நடந்துக்கினா மாசத்துக்கு ரெண்டு நாள் தள்ளுபடி, வேலை நல்லா செஞ்சா இன்னும் ரெண்டு நாள். அதுக்கு ரெமிஷன்னு பேராம். ஜூலையிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் இருபத்திநாலு நாள் சேரும். நமக்கு வேண்டியது பதினெட்டு. ஆக உங்க கோபத்துக்குன்னு ஆறு நாள் இருக்குது. அதுக்குள்ள கோபப்பட்டுக்குங்க.

குளிச்சா தலையை நல்லா துவட்டுங்க. உங்க பாதத்தைத் தொட்டு,
ரேணுகாம்பாள்


ஏகாம்பரநாதர் துணை

ஜில்லா ஜெயில், கைதி எண் 412
16-7-72

ரேணுவுக்கும் அம்சவேணிக்கும் ஆசீர்வாதம். உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் வேகுது.

இங்க நடக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், எண்றது. விடிஞ்சதும் ரெண்டு ரெண்டு பேரா குந்தவெச்சு எண்றாங்க. கஞ்சிக்கு முன்னால எண்றாங்க. களிக்குப் பின்னால எண்றாங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு எண்ணி உள்ள விட்டுப் பூட்டறாங்க. இழையை எண்ணினா அதுல அர்த்தம் இருக்குது. இவங்க எத்தனை தரம் எண்ணினாலும் அதே ஆளுங்கதான். இதை வார்டர்கிட்ட சொன்னேன். அவர் மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணினாரு.

எனக்குக் குடுத்திருக்கிற வேலை தென்னைநார்க் கயிறு திரிக்கிறது. பட்டு பிடிச்ச விரல், இப்ப யானைக்குச் சங்கிலி பண்றாப்பல இருக்குது.

முக்கியமா ஒண்ணு. கூரைச் சேலை தறியில பாதியில நிக்குது. யாரையும் அதுல உட்கார விடாதே. நம்ம தெரு வழக்கம் உனக்குத் தெரியும். பாவு ஏத்தினவன்தான் முடிச்சு இறக்கணும், வேற கை படக்கூடாது. நான் வந்து பத்து நாள்ல முடிச்சிடறேன்.

கடைசியா, அந்தத் தெரிஞ்சவர் யாரு? நம்ம தெருவுல ஜெயிலைப் பத்தித் தெரிஞ்சவன் எவனும் கிடையாதே. பதில் போடு.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

தணிக்கை செய்யப்பட்டது. கைதிகளை எண்ணுவது விதிகளின்படியே நடக்கிறது. – மாணிக்கவாசகம், துணை ஜெயிலர்


காமாட்சி துணை

6-8-72

மாமாவுக்கு ரேணு எழுதிக்கினது. போன ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்த்தேன்னு பேரு. எல்லாரும் "மனு போட்டியா, மனு போட்டியா"ன்னு கேட்டதும், ஏதோ கலெக்டருக்கு எழுதணும்போலன்னு பயந்துபோனேன். பார்க்கிறதுக்குப் போடற சீட்டுதானாம். ரெண்டு பஸ் மாறி, மூணு மணி நேரம் வரிசையில நின்னு, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். நடுவுல முப்பது குடும்பம் ஒரே நேரத்துல கத்துது. பொண்ணோட நகை விஷயத்தை நான் கத்தினதுல, பக்கத்துல நின்ன அம்மா யோசனை சொல்றாங்க. பதினைஞ்சு நிமிஷத்துல மணி அடிச்சுட்டாங்க. நீங்க இளைச்சிருக்கீங்கன்னு மட்டும் தெரிஞ்சுது.

முறுக்கைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. விசாரணைக் கைதிக்குத்தான் வீட்டுச் சாப்பாடாம், தண்டனைக் கைதிக்குக் கிடையாதாம். சோப்பு, விபூதி, பல்பொடி மட்டும் வாங்கிக்கினாங்க. முறுக்கை வரிசையில நின்னவங்களுக்கே குடுத்துட்டு வந்தேன். ஒரு பூட்ஸ் போட்டவரும் ரெண்டு எடுத்துக்கினாரு.

தெரிஞ்சவர் சொல்றாரு, ஜெயிலுக்குள்ளயே நெசவுக் கூடம் இருக்குதாம். துண்டு, ஜமக்காளம் எல்லாம் நெய்யறாங்களாம். நான் பரம்பரை நெசவாளின்னு சூப்பிரண்டு ரவுண்டு வரச்ச எழுந்து நின்னு சொல்லணுமாம். வார்டர்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்லையாம். அங்க மாத்திட்டாங்கன்னா வேலைக்கான ரெண்டு நாள் தவறாம வந்துடும்.

தறி நல்லா இருக்குது. கவலைப்படாதீங்க. வேற விசேஷமில்ல.

உங்க ரேணு

தணிக்கை செய்யப்பட்டது. இக்கடிதத்தில் ஒருவர் பெயர் விடுபட்டுள்ளது. அதற்கு விதிகளில் தடை ஏதுமில்லை. – மாணிக்கவாசகம்


ஏகாம்பரநாதர் துணை

27-8-72

ரேணுவுக்கு ஆசீர்வாதம். நல்லா இருக்கிறேன்.

உன் தெரிஞ்சவர் சொன்ன மாதிரியே சூப்பிரண்டுகிட்ட எழுந்து நின்னு சொன்னேன். மறுநாளே நெசவுக் கூடத்துக்கு மாத்திட்டாங்க. மூணாம் நம்பர் தறி. உள்ள காலை வெச்சதும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்தாப்பல இருந்துச்சு.

அப்புறம் பாவைப் பார்த்தேன். ரேணு, அதைப் பாவுன்னு சொன்னா நம்ம வம்சத்துக்கே அடுக்காது. ஒரு இழை தொங்குது, ஒரு இழை விறைச்சுக்கினு நிக்குது. இந்தக் கூடத்துக்கு இன்ஸ்ட்ரக்டர்னு ஒருத்தர் இருக்காரு. "ஐயா, இது பாவா, துடைப்பமா"ன்னு மரியாதையாத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. நான் கூடத்துல இருந்த பாவையெல்லாம் அவுத்து முதல்லேர்ந்து ஏத்திக்கினு இருந்தேன், அதுல அன்னிக்கு ஒன்பது தறியும் நின்னுபோச்சு.

நாலு நாள் ரெமிஷன் வெட்டிட்டாங்க.

ஆனா பாவு இப்ப நேரா இருக்குது.

அந்தோணின்னு ஒருத்தன் பக்கத்துத் தறி. மரக்காணத்துல மீன் பிடிச்சவன், மூணு வருஷத் தண்டனை. குறுக்கு நூல் ஓட்டற நாடாவை வலை வீசற மாதிரி வீசறான். அவனைத் திருத்திக்கினு இருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

தணிக்கை செய்யப்பட்டது. துடைப்பம் என்ற சொல் மூன்று முறை கூறப்பட்டதாகப் பதிவேட்டில் உள்ளது. – மாணிக்கவாசகம்


காமாட்சி துணை

10-9-72

மாமாவுக்கு ரேணு. சுகம், சுகமான்னு கேட்கிற நிலைமையில நான் இல்ல.

ஆறுல நாலு போச்சு. மீதி ரெண்டு. இன்னும் செப்டம்பர் மாசமே முடியல. சர்க்கார் துண்டு கோணலா வந்தா உங்களுக்கு என்னா? அதைத் தோள்ல போட்டுக்கினு கைதிங்க எந்தக் கல்யாணத்துக்குப் போறாங்க?

உங்க பொண்ணு காலண்டர்ல ஒவ்வொரு நாளா கிழிக்காம, மடிச்சு மடிச்சு வெக்கிறா. நீங்க நாள் இழந்தா திரும்பப் பிரிச்சு ஒட்டறதுக்காம். சிரிச்சுக்கினேதான் சொன்னா. அப்புறம் சமையல்கட்டுல போய் அழுதா. இதை எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். எழுதினாத்தான் உங்க கை அடங்கும்.

ரேணு


ஏகாம்பரநாதர் துணை

8-10-72

ரேணுவுக்கும் அம்சவேணிக்கும் ஆசீர்வாதம்.

உன் கடுதாசியைப் படிச்சதுலேர்ந்து வாயே திறக்கல. அந்தோணியைக் கேளு, ஒரு மாசமா கையாலதான் பேசறேன். அப்படியும் ரெண்டு நாள் போச்சுன்னு எழுத எனக்கே கேவலமா இருக்குது.

நடந்தது இதுதான். வெள்ளைத் துண்டு நெய்யச் சொன்னாங்க. கரை இல்லாத துண்டு. வெறும் துண்டு. நாலு நாள் பொறுத்தேன். ஜமக்காளத்துக்கு வந்த சிவப்பு நூல்ல கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. அந்தோணியைப் பக்கத்து நாடா பிடிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் கோபுரக் கரை சேர்த்துட்டேன். இருபத்திநாலு துண்டு. கஞ்சி வாங்க வரிசையில நிக்கச்ச பார்க்கணுமே, அத்தனை கைதியும் சாமி புறப்பாட்டுக்கு வந்தவங்க மாதிரி இருந்தாங்க. சர்க்கார் துணியில அனுமதியில்லாம கரை போட்டது குத்தமாம்.

என் கோபக் கணக்கு தீர்ந்துபோச்சு. இனிமே ஒரு நாளும் போகாது. காமாட்சி மேல சத்தியம்.

தறி நல்லா இருக்குதுன்னு ஆகஸ்ட்டுல எழுதியிருந்தே. தறி எப்படி ரேணு நல்லா இருக்கும்? ஓடினாத்தானே நல்லா இருக்குதா இல்லையான்னு தெரியும்? அதை நினைச்சா நெஞ்சு கொதிக்குது. விவரமா எழுது.

கண்ணாயிரம்

தணிக்கை செய்யப்பட்டது. துண்டுகளில் ஒன்று அலுவலக உபயோகத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. – மாணிக்கவாசகம்


ஏகாம்பரநாதர் துணை

12-11-72

ரேணு, ரெண்டு மாசமா கடுதாசி இல்ல. தீபாவளிக்கும் மனு போடல. உடம்பு சரியில்லையா? சம்பந்தி வீட்டுல ஏதாவது சொன்னாங்களா? பயமா இருக்குது. ரெண்டு வரி எழுதிப் போடு.

கண்ணாயிரம்

தணிக்கை செய்யப்பட்டது. அம்மா, தயவுசெய்து எழுதவும். இவர் எங்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். – மாணிக்கவாசகம்


காமாட்சி துணை

26-11-72

மாமாவுக்கு ரேணு எழுதிக்கினது. எங்களுக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கை ஒழியல, அதான் எழுதல. கல்யாண வீட்டுல வேலைக்கா பஞ்சம்?

தறியைப் பத்திக் கேட்டிருந்தீங்க. தறி இருக்கிற இடத்துலதான் இருக்குது. தூசி தட்டறேன்.

தெரிஞ்சவர் ஒண்ணு சொன்னாரு. நல்ல வேலை செஞ்சா சூப்பிரண்டே தன் அதிகாரத்துல சில நாள் சேர்த்துக் குடுக்கலாமாம். அதுக்குப் பெரிய மனசு பண்ணணும், நாமளா கேட்கக்கூடாதாம். நீங்க துண்டுல பண்ணின வேலையைப் பார்த்துச் சூப்பிரண்டுக்கு உள்ளுக்குள்ள ஆசை வந்திருக்கும்னு அவர் நினைக்கிறாரு. கேட்டா தலையை ஆட்டுங்க. வேற எதையும் ஆட்டாதீங்க.

அவர் யாருன்னு மறுபடியும் கேட்காதீங்க. நல்ல மனுஷர். வயசானவர். என்னைத் தங்கச்சின்னு கூப்பிடறாரு. அது போதும்.

உங்க ரேணு


ஏகாம்பரநாதர் துணை

31-12-72

ரேணுவுக்கும் அம்சவேணிக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஆசீர்வாதம்.

உன் தெரிஞ்சவர் வாய்க்குச் சர்க்கரை போடணும். சூப்பிரண்டு கூப்பிட்டு அனுப்பினாரு. மேஜை மேல என் துண்டு. பிப்ரவரி கடைசியில சர்க்கார் கைத்தறிக் கண்காட்சி வருதாம், அதுக்கு ஒரு பெரிய மேஜை விரிப்பு நெய்து குடுப்பியான்னு கேட்டாரு. ரெண்டு பக்கம் கோபுரக் கரை, நடுவுல மயில். தலையை ஆட்டினேன். அஞ்சு நாள் சேர்த்து எழுதிட்டாரு. பதினெட்டும் அஞ்சும் இருபத்திமூணு. ஜனவரி 19, வெள்ளிக்கிழமை காலையில விடுதலை.

கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னாலயே வந்துடறேன். பந்தக்கால் நானே நடறேன்னு சொல்லு. அம்சவேணியை அந்தக் காலண்டரைக் கிழிக்கச் சொல்லு.

விரிப்பு அருமையா வருது. மயிலுக்குக் கழுத்து வந்தாச்சு.

கண்ணாயிரம்

தணிக்கை செய்யப்பட்டது. தேதி சரியே. மணமக்களுக்கு என் ஆசிகள். – மாணிக்கவாசகம்


ஜில்லா ஜெயில்
20-1-73

திருமதி ரேணுகாம்பாள் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் புதல்வியும் நலமென நம்புகிறேன். இது அலுவலகக் கடிதம் அல்ல. தபால்தலை என் சொந்தச் செலவு.

தங்கள் கணவர் திரு. கண்ணாயிரம் நேற்று காலை பத்து மணிக்கு விடுதலை செய்யப்பட்டார். அவருடைய வேட்டி, சட்டை, வெற்றிலைப் பெட்டி ஆகியவை ஒப்படைக்கப்பட்டுக் கையெழுத்துப் பெறப்பட்டது. பத்தேகாலுக்கு அவர் வாசல் காவலரிடம் திரும்ப வந்து, உள்ளே போக அனுமதி கேட்டார். இருபத்தெட்டு வருடச் சர்வீஸில் வெளியே போக அனுமதி கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

விரிப்பில் இன்னும் ரெண்டு முழம் இருக்கிறதாம். ஏற்றிய பாவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாதாம். மீதியை அந்தோணி முடிப்பான் என்றேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவனைப் போலப் பார்த்தார். காவலர் மறுத்ததும், மனுச் சீட்டு வாங்கிப் பூர்த்தி செய்துவிட்டார். பார்க்க விரும்பும் கைதியின் பெயர் என்ற இடத்தில் "மூன்றாம் நம்பர் தறி" என்றும், உறவுமுறை என்ற இடத்தில் "சொந்தம்" என்றும் எழுதியிருக்கிறார். சூப்பிரண்டு சிரித்துவிட்டார். சிரித்ததால் அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. நேற்று மாலை ஐந்து மணிக்கு வெளியே அனுப்பினோம். எதிரே டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொண்டார். இன்று காலை திறக்கும்போது முதல் ஆளாக நின்றார்.

நேற்றும் ரெண்டு முழம் என்றார். இன்று மாலையும் ரெண்டு முழம் என்கிறார். மயிலின் வால் சரியில்லையென்று நெய்ததைப் பிரித்துவிட்டார்.

கடமையின் பொருட்டுத் தங்கள் கடிதங்கள் அனைத்தையும் படித்தவன் என்ற முறையில், வியாழக்கிழமை என்ன நாள் என்பது எனக்கும் தெரியும். எடுத்துச் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை முடிஞ்சிடும் சார்" என்கிறார். முடியாது. அவர் இப்போது கைதியல்லாததால் அவரை வெளியேற்ற எனக்கு அதிகாரம் போதவில்லை. தாங்கள் ஏதாவது செய்யவும்.

இங்ஙனம்,
இரா. மாணிக்கவாசகம்


காமாட்சி துணை

22-1-73

மாமாவுக்கு ரேணு எழுதிக்கினது.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு மாலையோட போனோம். சனிக்கிழமையும் போனோம். ஞாயித்துக்கிழமை அம்சவேணி வரல. நான் மட்டும் போய் நின்னேன். செத்துட்டாரா, அடிபட்டுட்டாரான்னு பஸ்ஸை விட்டு இறங்கின ஒவ்வொருத்தரையும் விசாரிச்சேன். இன்னிக்குக் காலையில ஜெயிலர் ஐயா கடுதாசி வந்துச்சு. நீங்க மயிலுக்கு வால் வெச்சுக்கினு இருக்கீங்க.

சம்பந்தி வீட்டுல நாளன்னிக்கு வந்து இறங்கறாங்க. அப்பா எங்கன்னு கேட்பாங்க. எட்டு மாசம் ஜெயில்ல இருந்தாருன்னு சொல்ல எனக்கு வெட்கமா இல்ல. விட்டுட்டாங்க, அவருக்கு வர இஷ்டமில்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

இனிமே மறைக்க ஒண்ணுமில்ல, கேட்டுக்குங்க. கூரைச் சேலை முடிஞ்சு இறக்கியாச்சு. நான்தான் உட்கார்ந்தேன். நானும் நெசவாளி வீட்டுல பிறந்தவதான், நம்ம கல்யாணத்துக்கு முன்னால எங்க அப்பா தறியில நெய்தவதான். நீங்க கேட்டதே இல்ல. கரைக்கு ரெண்டாவது நாடா பிடிக்க ஆள் வேணும். தெருவுல ஒவ்வொரு வீடா கேட்டேன். கண்ணாயிரம் பாவுல கை வைக்க மாட்டோம்னு ஒருத்தர் விடாம சொல்லிட்டாங்க, உங்க வழக்கம் அப்படி. அப்ப நெசவாளி இல்லாத ஆள்தானே வேணும்? ஒரே ஒருத்தர்தான் வந்தாரு. கோர்ட்டு லீவு நாள்ல எல்லாம் முசரவாக்கத்துலேர்ந்து சைக்கிள்ல வந்து உட்கார்ந்தாரு. நீங்க கம்பத்துல கட்டி வெச்ச அமீனா முனிசாமி அண்ணன்தான் அது. கேசு போட்டது அவர் மேலதிகாரிங்க, அவர் இல்ல. தண்டனை வந்த மறுவாரமே வாசல்ல வந்து நின்னாரு. ஜெயில் சட்டமெல்லாம் எனக்குச் சொன்னது அவர்தான். கோர்ட்டையும் ஜெயிலையும் தெரிஞ்சவர் எனக்கு வேற யார் இருக்காங்க?

ஒரு சாண் தூரம் கரை கோணிக்கினு போவுது. அது அவர் கத்துக்கின இடம். உங்க பாவுல வேற கை பட்டுடுச்சு, தறி ஒண்ணும் இடிஞ்சு விழல.

அந்த மேஜை விரிப்பை யார் வேணா முடிப்பாங்க. உங்க பொண்ணுக்குத் தண்ணி ஊத்த நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. எனக்கு எழுத முடியல, அழுகையா வருது மாமா. வந்துடுங்க.

இதைத் தபால்ல போட்டா நேரமாவும்னு முனிசாமி அண்ணன் கையிலயே குடுத்து அனுப்பறேன். சம்மன் சேர்ப்பிக்கிறது அவர் தொழில். வாங்கிக்கினு கையெழுத்துப் போடுங்க. இந்தத் தடவை கட்டி வெக்காதீங்க.

ரேணு


ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
4-2-73

மரியாதைக்குரிய ஜெயிலர் ஐயாவுக்குக் கண்ணாயிரம் வணக்கத்தோட எழுதிக்கினது. நாங்க எல்லாரும் சௌக்கியம். நான் அங்க இருக்கச்ச பிடிச்ச உங்க சளி இப்ப எப்படி இருக்குது? மிளகு ரசம் வெச்சுக் குடிங்க. இந்தக் கடுதாசியை யாரும் தணிக்கை பண்ணப்போறதில்ல, அதனால கொஞ்சம் தாராளமாவே எழுதறேன்.

அன்னிக்கு மூணாம் நம்பர் தறியில நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனா பாதிதான் தெரியும். முனிசாமி மனுச் சீட்டோட உள்ள வந்து கடுதாசியைக் குடுத்தாரு. படிச்சேன். என் பாவுல அந்த ஆள் கை பட்டுதுன்னு படிச்ச இடத்துல எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு. எழுந்தேன். உண்மையைச் சொல்றேன் ஐயா, அடிக்கத்தான் எழுந்தேன். அவர் நகரல. "அடிங்க முதலியாரே, ஆனா பதினொன்றரைக்கு பஸ், அதுக்குள்ள அடிச்சு முடிங்க"ன்னாரு. ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கினு நின்னாரு. விரல் இடுக்கெல்லாம் நூல் அறுத்த வடு. எனக்குப் பதினாலு வயசுல அப்படி இருந்துச்சு.

அப்புறம்தான் கவனிச்சேன், நான் தறியை விட்டு எழுந்து நிக்கிறேன். பாவு பாதியில இருக்கச்ச நானா எழுந்தது என் ஆயுசுல அதுதான் முதல் தடவை. திரும்ப உட்கார முடியல. உங்ககிட்ட சொல்லிக்காமகூட வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க. மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட சொல்லாத வார்த்தை, உங்ககிட்ட சொல்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை எடுன்னேன். ரேணு பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கினா. முகூர்த்தத்துலதான் பார்ப்பீங்க, இப்ப குடுத்தா பிரிச்சிடுவீங்கன்னுட்டா. அவளுக்கு என்னைப் பத்தி நல்லாத் தெரியும்.

வியாழக்கிழமை தாரை வார்க்கிற நேரம். அம்சவேணி கையைப் பிடிச்சுக்கினு மணையில நிக்கிறேன். சேலைக் கரை சரியா என் கண்ணுக்கு நேரா இருக்குது. ரேணு நெய்த இடமெல்லாம் என்னாலயே குத்தம் சொல்ல முடியல. அதை நான் அவகிட்ட இன்னும் சொல்லல, சொல்லணும். கோணின சாண் வந்துச்சு. எத்தனை இழை தப்பியிருக்குதுன்னு எண்ண ஆரம்பிச்சேன். குருக்கள் தண்ணி ஊத்தச் சொல்லி மூணு தரம் சொல்லிட்டாராம், என் காதுல விழல. தில்லையம்மா முகம் மாறுது. ரேணு பின்னாலேர்ந்து முதுகுல கிள்ளறா. கடைசியில அம்சவேணிதான், "அப்பா, எண்ணினது போதும்ப்பா"ன்னு மெதுவா சொன்னா. எட்டு மாசமா நாள் எண்ணினவ அவ. நிமிர்ந்து அவ முகத்தைப் பார்த்தேன். நான் எங்க வராம போயிடுவேனோன்னு பயந்த பயம் இன்னும் அவ முகத்துலேர்ந்து போவல. அந்தப் பயத்தை என் பொண்ணுக்குக் குடுத்தது நான்தான். செம்பைச் சாய்ச்சேன். பாதித் தண்ணி மாப்பிள்ளை கையில விழுந்துச்சு, பாதி என் கால்ல விழுந்துச்சு. மண்டபம் முழுக்க பார்க்க அழுதேன்.

பந்தியில முனிசாமி மோர் ஊத்திக்கினு இருந்தாரு. இழுத்து வந்து என் பக்கத்து இலையில உட்கார வெச்சேன். அப்பளம் ரெண்டு எடுத்து அவர் இலையில வெச்சேன்.

பொண்ணு பிலாய்க்கு ரயில் ஏறிட்டா. போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடறேன்னு சொன்னா, இன்னும் வரல. வாசலையே பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கிறேன். வராத கடுதாசிக்குக் காத்திருக்கிறது எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது.

ஐயா, அந்த ரெண்டு முழத்தை அந்தோணியையே முடிக்கச் சொல்லுங்க. இந்த வாரமே சொல்லுங்க. வலை வீசற மாதிரிதான் வீசுவான், கரை கோணும். கோணினா கோணட்டும். யாரும் பிரிக்க வேணாம்.

இப்படிக்கு,
கண்ணாயிரம்